டேங்க் நிறைந்த நாட்களில் மட்டும்

இதை நீ படிக்கும்போது உனக்குப் பதினெட்டு முடிந்து, கையில் ஓட்டுநர் உரிமம் வந்திருக்கும். இப்போது உனக்கு நான்கு வயது. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வெர்னியர் காலிப்பரால் பிஸ்கட்டின் தடிமனை அளந்துகொண்டிருக்கிறாய். எனக்கு முப்பத்திரண்டு. வளர்ந்த பிள்ளைக்கு எழுதவேண்டிய கடிதத்தைப் பதினான்கு வருடம் முன்னாலேயே எதற்கு எழுதுகிறீர்கள் என்று உன் அம்மா கேட்டாள். ஐம்பதை நெருங்கும்போது எழுதினால் நான் பக்குவமான மனிதனாகியிருப்பேன். எல்லாரையும் மன்னித்திருப்பேன், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியிருப்பேன். இந்த விஷயம் சிரித்துக்கொண்டே சொல்லப்பட்டதால்தான் இப்படிக் கெட்டுப்போய்க் கிடக்கிறது. அதனால் கோபம் இருக்கும்போதே எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டவும் மாட்டேன். சொந்தக்காரர்கள் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். சொல்லப்போனால், உனக்கு முன்னால் அவர்கள் படிப்பதுதான் நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டையில் ஒரு காதுகுத்து. பந்தியில் சித்தப்பா உன்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். என் அப்பாவின் தம்பி. அப்பா போனபிறகு எங்கள் பக்கத்துக்கு அவர்தான் பெரியவர். "உங்கம்மா இருக்காளே, நீ வயித்துல இருக்கறப்ப, வளைகாப்பு அன்னிக்கு கார்ல ஏற மாட்டேன்னு நடுரோட்டுல நின்னுட்டா. நல்ல நேரம் போச்சு, ஏத்துன கற்பூரம் அணைஞ்சு போச்சு. அதான்டா நீ இப்படி அடங்காப்பிடாரியா பொறந்திருக்கற" என்றார். இலைக்கு இலை சிரிப்பு. நீயும் சிரித்தாய். உன் அம்மா அதே வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள்; அவள் கை நிற்கவில்லை. நான், "சித்தப்பா, கற்பூரம் தானா அணையல, நான் அணைச்சேன். ஏன் அணைச்சேன்னு அதையும் அவனுக்குச் சொல்லுங்க" என்றேன். "வந்துட்டாருய்யா இன்ஜினியரு, ரிப்போர்ட்டோட" என்றார் அவர். அதற்கும் சிரிப்பு. என் அம்மா முழங்கையைப் பிடித்து, "விட்றா, சாப்புடற எடத்துல" என்றாள். விட்டேன். அவர் கேட்ட ரிப்போர்ட் இதோ.

உன் அப்பனுக்கு வேலை என்ன என்று தெரிந்தால்தான் இது விளங்கும். சூளகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தது. வார்ப்பில் வந்த பாகத்தின் துளைகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீரில் முக்கிப் பார்ப்போம். குமிழி வந்தால் சிவப்பு மை. வராவிட்டால் என் முத்திரை. நான் "லீக் இல்லை" என்று எழுதிவிட்டால் அதற்குமேல் மேனேஜர்கூடப் பேசமாட்டார். வீட்டிலும் அப்படித்தான் நடக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அது என் முதல் தப்பு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் எண்ணெயும் கழுவும் ரசாயனமும் நடுவே நிற்கிற எனக்கு மூக்கு பாதி செத்துப்போயிருந்தது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

நம் கார் அப்போதே பழசு. பெங்களூர்க்காரர் ஒருவர் புது வண்டி வாங்குகிறேன் என்று தள்ளிவிட்டது. வாங்கி ஒரு வருடத்தில் காலையில் கிளம்ப அடம்பிடித்தது. டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப் பலவீனமாகிவிட்டது என்று நானே கண்டுபிடித்தேன், நானே மாற்றினேன். அந்த வண்டியில் பின்சீட்டு மெத்தையைத் தூக்கினால் கீழே ஒரு தகடு மூடி. அதைக் கழற்றினால் டேங்கின் மேல்வாய். பம்ப் அதற்குள்தான் இறங்கி நிற்கும். வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதை அமுக்கிப் பிடிக்க மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் திருகுமூடி. வருடக்கணக்கில் பெட்ரோலில் ஊறிய ரப்பர் வெளியே எடுத்ததும் உப்பிவிடும். திரும்ப அதன் பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது. புதிதுதான் போடவேண்டும். இது எனக்குத் தெரியும். பழைய வளையத்தைத் திரும்பப் போட்ட ஒருவனை லைனில் நிற்கவைத்து எல்லார் முன்னாலும் நான் கத்தியிருக்கிறேன். ஆனால் அன்று ஞாயிறு மதியம், கடை மூடியிருந்தது, மறுநாள்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பழையதையே வைத்து அமுக்கித் திருகினேன். ஒரு ஓரத்தில் அது மடங்கிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. உன் அம்மாவைப் பார்த்து "எப்படி?" என்றேன், மெக்கானிக் கூலி மிச்சம் பிடித்த திமிரில்.

கர்நாடக எல்லையில், ஓசூரில் குடியிருக்கிற எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெட்ரோல் எந்த மாநிலத்தில் கொஞ்சம் குறைவோ அந்தப் பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வருவது. அந்தச் சமயத்தில் அத்திப்பள்ளிப் பக்கம் குறைவு. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நானும் போவேன். போனது போனோம் என்று கழுத்துவரை நிரப்புவேன். பங்கில் குழாய் 'டக்'கென்று தானாக நின்றபிறகும் "இன்னு சொல்ப ஹாக்கி அண்ணா", இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டு வாங்குவேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பாதி அந்தப் பங்கில் கற்றதுதான். வண்டியின் பின்பக்கத்தை நாலு ஆட்டு ஆட்டி, உள்ளே இருக்கிற காற்று வெளியேறியதும் இன்னும் கொஞ்சம். குழாய் ஏன் தானாக நிற்கும்படி வைத்திருக்கிறான், டேங்கின் மேலே ஏன் காலி இடம் விட்டிருக்கிறான் என்று யோசிக்கவேண்டியவன் நான். பூமிக்கடியிலிருந்து குளிர்ச்சியாக வருகிற பெட்ரோல் வெயிலில் விரியும், அதற்கு இடம் வேண்டும் என்பது பாலிடெக்னிக்கில் படித்ததுதான். பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போயிற்று.

உன் அம்மா தேன்மொழியின் வயிற்றில் அப்போது நீ மூன்று மாதம். "ஏங்க, வண்டிக்குள்ள பெட்ரோல் வாட வருது" என்றாள். "வராது" என்றேன். அவ்வளவுதான் என் பதில். இரண்டாவது முறை சொன்னபோது பானட்டைத் திறந்து ஒவ்வொரு குழாயையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. இன்னொரு நாள் நண்பன் ஒருவனின் பட்டறையில் வண்டியை உயரத்தில் ஏற்றி அடிப்பக்கம் முழுக்க டார்ச் அடித்தேன், ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை பின்சீட்டைத் தூக்கி, மூடியையும் கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவியே பார்த்தேன். ஈரமும் இல்லை, குமிழியும் இல்லை. "போதுமா?" என்றேன். மூன்று சோதனையும் டேங்கில் பாதியோ காலோ இருந்த வாரநாட்களில் செய்தவை. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது திறப்பதுதான் பாதுகாப்பு என்று அதற்கு ஒரு நியாயம் வேறு வைத்திருந்தேன். எந்த நிலையில் புகார் வருகிறதோ அந்த நிலையில் சோதிக்கவேண்டும் என்பது, புதிதாக வேலைக்கு வருகிற பயிற்சிப் பையன்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அவள் எனக்கு விடையையே சொல்லியிருந்தாள். "பெட்ரோல் போட்டுட்டு வர்ற அன்னிக்கும் மறுநாளும்தாங்க வருது. நீங்க ரெண்டு நாள் வேலைக்கு ஓட்டிட்டா அப்புறம் இல்ல" என்றாள். வயரிங் செய்கிற கம்பெனியில் ஏழு வருடம் லைனில் நின்றவள் அவள். ஒரு கோளாறு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பார்த்துவைப்பது அவளுக்குப் பழக்கம். நான், "பங்குல நின்னா துணியில வாசம் ஒட்டத்தான் செய்யும். உனக்கு இப்ப ரசம் தாளிச்சாலே வாந்தி வருது" என்றேன். அம்மாவும் ராயக்கோட்டையிலிருந்து போனில், "மாசமா இருக்கறப்ப எல்லாம்தான் நாறும். இவன் வயித்துல இருக்கறப்ப எனக்கு சோப்பு நாறுச்சு" என்றாள். ஆக, புகார் சொல்கிறவளின் உடம்பையே காரணமாகக் காட்டி நாங்கள் எல்லாரும் புகாரை மூடிவிட்டோம். நான் ஒரு வாசனைப் பாட்டில் வாங்கி முன்கண்ணாடியில் தொங்கவிட்டேன். எலுமிச்சை வாசம். அதற்கடுத்த வாரம் தளிக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச்சொல்லி இறங்கி வாந்தி எடுத்தாள். மலைப்பாதை, வளைவு, அதனால்தான் என்றேன். அதற்குமேல் அவள் என்னிடம் வாடையைப் பற்றிப் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதம் ஓசூர் வீட்டு வாசலில் சாமியானா போட்டு வளைகாப்பு. மணப்பாறையிலிருந்து உன் அம்மாவின் அப்பா அம்மா முதல்நாளே வந்துவிட்டார்கள். வளையல் போட்டு முடிந்ததும் அவளை நம் காரிலேயே மணப்பாறைக்குக் கூட்டிப்போவது, நான் ஓட்டுவது என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் வண்டி நகரவேண்டும். நீண்ட பயணம் ஆயிற்றே என்று காலையிலேயே அத்திப்பள்ளி போய்க் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வந்தேன். வாசலில் வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டினேன். நாலு மணிக்குக் கதவைத் திறந்தேன். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையலோடு அவள் குனிந்து உள்ளே தலையை விட்டவள், அப்படியே பின்னால் வந்து நிமிர்ந்து நின்றாள்.

"ஏறும்மா தேனு. நாலரைக்கு மேல வேணாம்" என்றாள் என் அம்மா.

"ஏற மாட்டேன் அத்தை. உள்ள பெட்ரோல் நாறுது."

"பெட்ரோல் வண்டில பெட்ரோல் நாறாம மல்லிகப்பூவா மணக்கும்?" என்றார் சித்தப்பா. கூட்டம் சிரித்தது. உன் அம்மாவின் அப்பா பக்கத்தில் வந்து, கெஞ்சுகிற குரலில், "ஆத்தா, கண்ணாடிய எறக்கி விட்டுக்குவோம். காத்து பட்டா போயிரும். எல்லாரும் பாக்குறாங்கள்ல" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நாற்பது பேர் நிற்கிறார்கள். என் வேலை என்ன என்று அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குக் காது சூடாகிவிட்டது. "மூணு தடவ பாத்தாச்சு. லீக் இல்ல. ஏறு" என்றேன், தொழிற்சாலை லைனில் பேசுகிற குரலில்.

"அப்ப நீங்க ஏறுங்க" என்றாள்.

"நான்தான ஓட்டப்போறேன்?"

"முன்னால இல்ல. பின்னால, என் எடத்துல. கண்ணாடிய மூடிக்கிட்டு பத்து நிமிசம் உக்காருங்க. ஒண்ணும் இல்லன்னா நானே வந்து ஏறிக்கிறேன்."

"இதென்னடா பந்தயம்? நேரம் போவுது பாரு" என்று அம்மா கையைப் பிசைந்தாள். நான் கோபத்தில்தான் ஏறினேன். பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினேன். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு நாள்கூட நான் அதன் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, சாலைக்காற்று முகத்தில் அடிக்க, முன்னால் இருந்து ஓட்டினவன் நான். அவள் இரண்டு மாதமாகக் காலை நீட்டிக்கொள்ள வசதி என்று பின்னாலேயே உட்கார்ந்து வந்தவள். நான் கைவைத்த அந்த மூடி இருந்தது அவளுக்கு நேர் கீழே.

முதல் நிமிடம் எலுமிச்சைப் பாட்டிலின் வாசம்தான் தெரிந்தது. இரண்டாவது நிமிடத்தில் அதற்கடியிலிருந்து இன்னொன்று எழுந்து வந்தது. என் செத்த மூக்குக்கே தெரிந்தது. பிறகு கண் எரிந்தது, தொண்டைக்குள் இனிப்பாக ஏதோ படிந்தது, நெற்றிப்பொட்டில் சம்மட்டி. வெளியே எல்லாரும் வாயசைப்பது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வீம்பாக இறங்கி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்க விருப்பமில்லை. நாலாவது நிமிடம் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். யாரிடமும் பேசாமல் திரும்பி, பின்சீட்டு மெத்தையைப் பிடித்துத் தூக்கினேன். மூடியைச் சுற்றி ஈரம். நாலு திருகையும் கழற்றி மூடியை எடுத்தேன். டேங்கின் வாயைச் சுற்றியுள்ள குழிவில் பெட்ரோல் தேங்கி நின்றது. பம்புக்குப் போகிற மின்வயர்கள் அதற்குள் முங்கிக் கிடந்தன. டேங்க் நிறைந்த நாளில் பெட்ரோல் அந்த மடங்கின ரப்பரைத் தொடுகிறது, வெயிலில் விரிந்து அந்த வழியாக மேலேறுகிறது; ஐந்தாறு லிட்டர் குறைந்ததும் நிற்கிறது. அவள் சொன்னது சொன்னபடி.

அதே நேரம் சித்தப்பா, தகராறு முடிந்தது, வண்டி கிளம்பப்போகிறது என்று நினைத்து, திருஷ்டிப் பூசணிமேல் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார். காரைச் சுற்ற ஆரம்பித்து, திறந்திருக்கிற பின்கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவர் கையிலிருந்து பூசணியைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் கவிழ்த்து மிதித்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து "ஐயையோ" என்று ஒரே குரல். சுற்றி முடிக்காத கற்பூரத்தைக் காலால் மிதித்து அணைத்தவனை நம் சனம் எப்படிப் பார்க்கும் என்று உனக்கே தெரியும். அம்மா அழ ஆரம்பித்தாள். அந்தக் கூட்டத்தில் நிதானமாக இருந்தது உன் அம்மா ஒருத்திதான். "எல்லாரும் தள்ளிப் போங்க. யாரும் சாவி போடாதீங்க. ஏங்க, எல்லாக் கதவையும் தெறந்து விடுங்க, கொஞ்ச நேரம் போவட்டும். அப்புறம் பேட்டரி வயர கழட்டுங்க" என்றாள். லீக் டெஸ்ட்காரனான நான் அவள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

வாடகைக் கார் வந்து சேர ஐந்து மணி ஆகிவிட்டது. நட்டநடு ராகுகாலம். ஆறுக்குமேல் புறப்படலாம் என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். "ஆறு மணிக்கு மேல கெளம்பி மணப்பாறை போய்ச் சேர எந்நேரம் ஆகும்? எனக்கு இடுப்பு தாங்காது" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவள் திரும்பிப் பார்க்கக்கூடாது, போய்வருகிறேன் என்று சொல்லவும் கூடாது. அவள் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, திரும்பி என்னைப் பார்த்து, "போயிட்டு வரேன். அந்த ரப்பர மாத்துங்க" என்றாள். அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

மாற்றினேன். மறுநாள் விடுப்பு போட்டு, பட்டறை நண்பனை வீட்டுக்கே வரவழைத்து, திறந்த வெளியில், பேட்டரி இணைப்பு இல்லாமல், டேங்கில் பாதியைக் குழாய் போட்டு வெளியே எடுத்தோம். வண்டியின் எண்ணுக்குச் சரியான புது வளையம் வாங்கி வந்தேன். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விரல் அகலத்துக்கு நசுங்கி, கத்தி வைத்ததுபோலக் கோடு. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற கரிப்பெட்டி ஒன்று உண்டு; கழுத்துவரை நிரப்பி நிரப்பி அதுவும் ஊறிப்போயிருந்தது, அதையும் மாற்றினேன். பிறகு ஓசூரிலேயே நிரப்பினேன், குழாய் தானாக நின்றதும் நிறுத்தினேன். வண்டியை வெயிலில் விட்டு, பின்சீட்டில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு வேர்க்க வேர்க்க அரைமணி நேரம் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் மணப்பாறைக்கு ஓட்டிக்கொண்டு போய், "இப்ப சரியாயிடுச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. "ரிப்போர்ட் எல்லாம் வேணாம்" என்று சொல்லி, ஊர் எல்லையில் இருக்கிற பங்கில் என்னை நிரப்பச்சொல்லி, வாசலில் வெயிலில் நிறுத்தச்சொல்லி, மத்தியானம் தானே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாள். இறங்கி வந்து, "ம்" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தரச்சான்று அந்த "ம்".

இப்போது உனக்கு. வண்டி உன் கைக்கு வரும்போது பெட்ரோலில் ஓடுகிறதோ பேட்டரியில் ஓடுகிறதோ எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், உள்ளே இருக்கிற ஒருவர் ஏதோ சரியில்லை என்று சொன்னால், எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்தால், என்ன செய்த பிறகு என்று கேள். கேட்டுவிட்டு அந்த இடத்தில் போய் நீ உட்கார். உன் படிப்பை அதற்கப்புறம் எடு. சொல்கிறவர் கர்ப்பிணி, வயசானவர், குழந்தை, பயந்தவர் என்று நீ ஆரம்பித்தால், நீ வண்டியைச் சோதிக்கவில்லை, ஆளைச் சோதிக்கிறாய். நான் நாலு மாதம் அதைத்தான் செய்தேன். வாசனைப் பாட்டில் வாங்கித் தொங்கவிடாதே. அது வாடையை மறைக்காது, சொன்னவரின் வாயைத்தான் மூடும். இன்னொன்று. உன்னை யாராவது அடங்காப்பிடாரி என்று சொன்னால், பந்தியில் சிரித்ததுபோலச் சிரிக்காதே. ஆமாம் என்று சொல். யார் வயிற்றில் பிறந்தேன் தெரியுமா என்று கேள். ராகுகாலத்தில் கிளம்பினாய், கற்பூரம் அணைந்தது, பிறக்கும்போது மூன்று கிலோவுக்கு மேல் இருந்தாய், ஆஸ்பத்திரி வராந்தாவே அதிர அழுதாய். நல்ல நேரத்தில் அந்த வண்டியில் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சித்தப்பா தன் கதையில் சேர்ப்பதே இல்லை. நான் சேர்த்துவிட்டேன்.

இதை இதுவரை எழுதி வைத்திருந்தபோது நேற்று மதியம் அம்மா ராயக்கோட்டையிலிருந்து தக்காளிப் பையோடு வந்தாள். என்னடா எழுதற என்று கேட்டாள். அவளையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன் என்பதால் ஒளிக்கவில்லை, முழுக்க வாசித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் தக்காளியைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒண்ணு விட்டுட்ட" என்றாள்.

"என்னா?"

"எனக்கும் அன்னிக்கு நாறுச்சுடா. நீ கதவத் தெறந்ததுமே தலைக்கு ஏறிக்கிச்சு. நல்ல நேரம் போவுதேன்னு வாய மூடிக்கினேன். உங்க சித்தப்பனும்தான். 'என்னா அண்ணி, இந்த அடி அடிக்குது'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் பூசணிய கையில எடுத்தாரு."

"இத எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற? அவகிட்ட சொல்லு" என்றேன்.

"இத்தினி வருசம் கழிச்சு அத எப்படிடா போய்ச் சொல்றது?"

"எழுந்து போய்ச் சொல்லு. பத்து அடிதான் இருக்கு."

போனாள். சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தேனு, அன்னிக்கு வளைகாப்புல, எனக்கும் அந்த வாட..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் அத்தை" என்றாள் உன் அம்மா, கையை நிறுத்தாமல். "முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டுத்தான என்னை ஏறச் சொன்னீங்க. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

நான் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். லீக் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தேன்.